அறுபத்து நான்கு இருக்கைகள்

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்தும் செக் நாடும் வந்து தொடும் மூலையில், லவுசிட்ஸ் என்றொரு வட்டாரம் இருக்கிறது. அதன் பெரிய நகரங்களில் ஒன்று பவுட்சன். ஊர் எல்லையில் நிற்கும் மஞ்சள் பலகையில் இரண்டு பெயர்கள் இருக்கும். மேலே பவுட்சன், கீழே புடிஷின். முதலாவது ஜெர்மன், இரண்டாவது சோர்பியம். வயதில் மூத்தது கீழே இருப்பதுதான். 1868 வரை ஜெர்மன் ஆவணங்களிலும் இந்த நகரத்துக்கு புடிசின் என்றுதான் பெயர்.

அந்தப் பலகையைக் கடந்து போகும் கார்களில் கைப்பேசிகள் வழி சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் திரைகளில் பெரும்பாலும் மேல் வரி மட்டும்தான் தெரியும். தகரப் பலகையில் இருக்கும் பெயர் கண்ணாடித் திரைக்கு வரும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. யாரும் திட்டமிட்டு உதிர்ப்பதில்லை. எங்கே, எப்படி உதிர்கிறது என்று பார்த்தால் வரைபடச் செயலி ஒன்றின் உள்ளுறுப்புகள் எல்லாம் தெரிந்துவிடும்.

முதலில் பெயருக்கு உரியவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். சோர்பியர்கள் ஸ்லாவிய இனத்தவர். எல்பா, ஓடர் ஆறுகளுக்கு இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்பவர்கள். இன்று அவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். மொழியை அன்றாடம் பேசுவோர் அதைவிட மிகக் குறைவு. எழுத்து மொழி ஒன்றல்ல, இரண்டு. பவுட்சனைச் சுற்றிய சாக்சனி மாநிலத்தில் மேல் சோர்பியம். கோட்புஸ் நகரத்தைச் சுற்றிய பிராண்டன்பர்க் மாநிலத்தில் கீழ் சோர்பியம். முன்னது செக் மொழிக்கு நெருக்கம், பின்னது போலிஷ் மொழிக்கு நெருக்கம். இரண்டையுமே அழியும் ஆபத்தில் உள்ளவை என்று யுனெஸ்கோ பட்டியலிட்டிருக்கிறது.

ஜெர்மன் தெரியாத சோர்பியர் என்று இன்று எவரும் இல்லை. ஆகவே செயலி செய்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: எல்லோருக்கும் ஜெர்மன் தெரியும், ஜெர்மன் பெயரைக் காட்டினால் யாருக்கு வழி தவறப்போகிறது? இதில் பாதி நியாயம் உண்டு. வழி கண்டுபிடிப்பது மட்டுமே வரைபடத்தின் வேலை என்றால் முழு நியாயமும் உண்டு. ஆனால் லவுசிட்ஸின் கதையில் ஊர்ப்பெயர் எப்போதும் வழிகாட்டியாக மட்டும் இருந்ததில்லை. 1880-களில் அர்னோஷ்ட் மூக்கா என்ற அறிஞர் அந்த வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்று, எங்கே எத்தனை பேர் சோர்பியம் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். அவருக்குக் கிடைத்த தொகை சுமார் ஒரு லட்சத்து 66 ஆயிரம். நாஜி ஆட்சி 1937-இல் சோர்பிய அமைப்பான தொமோவினாவைத் தடை செய்தது. அதே காலத்தில் ஸ்லாவியச் சாயல் கொண்ட ஊர்ப்பெயர்களை நீக்கிவிட்டுப் புதிய ஜெர்மன் பெயர்களைச் சூட்டியது. ஒரு மக்களை இல்லாமல் செய்யப் புறப்பட்டவர்கள் வரைபடத்தையும் கையில் எடுத்தார்கள். பெயரின் வலிமை அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

போருக்குப் பிறகு 1948-இல் சாக்சனி ஒரு சோர்பியச் சட்டம் இயற்றியது. ஜெர்மனி ஒன்றிணைந்த பின் 1994-இல் பிராண்டன்பர்க்கும் 1999-இல் சாக்சனியும் புதிய சட்டங்கள் கொண்டுவந்தன. வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியப் பட்டயமும் ஜெர்மனியில் 1999-இல் நடைமுறைக்கு வந்தது. ஊர்ப்பெயரை இரு மொழியிலும் எழுதுவது அதனால் அரசின் கடமையாயிற்று. கடமை என்றாலும் மனம் ஒப்பிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. சோர்பியப் பெயரைச் சிறிய எழுத்தில் போட்ட பலகைகள் ஏராளம். ஜெர்மன் மட்டும் இருந்த பலகைகளில் ‘சோர்பியத்தில்?’ என்று கேட்கும் ஒட்டுத்தாள்களை இளைஞர்கள் ஒட்டிவிட்டுப் போனதும் உண்டு.

இனிப் பலகையிலிருந்து திரைக்கு வருவோம்.

பல செயலிகளுக்கு அடித்தளம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் வரைபடத் தரவு அது. தரைமீது என்ன இருக்கிறதோ அதை எழுது என்பது அங்கே எழுதாத சட்டம் போன்றது. பலகையில் இரண்டு பெயர் இருந்தால் தரவிலும் இரண்டு பெயர் இருக்கலாம். ஓர் ஊருக்குப் பொதுவான பெயர்ப் புலம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே மொழிக்கு ஒன்றாக எத்தனை புலங்கள் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஜெர்மனுக்கு டிஇ, தமிழுக்கு டிஏ என்று இரண்டெழுத்துக் குறியீடு. உலகத்தர நிர்ணய அமைப்பின் இரண்டெழுத்துப் பட்டியலில் இடம் பெற்ற மொழிகள் ஏறத்தாழ 180 மட்டுமே. சோர்பியம் அதில் இல்லை. பின்னால் வந்த, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளைக் கொண்ட மூன்றெழுத்துப் பட்டியலில் இரண்டு சோர்பியங்களுக்கும் இடம் கிடைத்தது. மேல் சோர்பியம் எச்எஸ்பி, கீழ் சோர்பியம் டிஎஸ்பி. மொழிக் குறியீடு என்றால் இரண்டு எழுத்துதான் என்று எண்ணி எழுதப்பட்ட பழைய நிரல்கள் மூன்றெழுத்தைக் கண்டதும் தடுமாறும். இன்றைக்கு அது பெரிய சிக்கல் இல்லை.

லவுசிட்ஸ் ஊர்களுக்குத் தரவில் சோர்பியப் பெயர் இருக்கிறது. மூல ஊற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. அதற்குக் கீழேதான் அடைப்புகள்.

பழைய இணைய வரைபடங்கள் படங்களால் ஆனவை. 256 புள்ளிக்கு 256 புள்ளி அளவுள்ள சதுரப் படங்களை அடுக்கி உலகத்தைக் காட்டுவார்கள். ஒவ்வொரு முறை உருப்பெருக்கும்போதும் ஒரு சதுரம் நான்காகும். பதினெட்டாவது நிலையில் உலகம் முழுவதற்கும் 6,800 கோடிக்கு மேல் சதுரங்கள் வரும். கடலையெல்லாம் யாரும் வரைந்து வைப்பதில்லை என்றாலும் வேலையின் பருமன் புரியும். இந்தப் படங்களுக்குள் ஊர்ப்பெயர் மையோடு மையாகக் கலந்துவிடும். மொழியை மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். அறுபதாயிரம் பேருக்காக எவர் செய்வார்? அந்தக் காலத்தில் சோர்பிய வரைபடம் இல்லாததற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு வெக்டர் வரைபடம் வந்தது. சேவையகம் படத்தை அனுப்பாமல் கோடுகளையும் புள்ளிகளையும் பெயர்களையும் தரவாகவே அனுப்பும். கைப்பேசி அந்த நொடியில் தானே வரைந்துகொள்ளும். எந்த மொழியில் எழுதுவது என்பது கடைசி நொடி முடிவாகிவிட்டது. தடை இத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் பெயர்களை எல்லா மொழிகளிலும் ஏற்றி அனுப்பினால் கோப்பு கனக்கும். எனவே பொறியாளர்கள் ஒரு மொழிப் பட்டியலை வைத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத பெயர்களைத் தயாரிப்புக் கட்டத்திலேயே கழித்துவிடுகிறார்கள். தரவில் இருக்கும் பெயர் பயனரின் கைப்பேசியை எட்டுவதே இல்லை. அமைப்புகளுக்குள் போய் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வராது.

இதற்கு நான் அறிந்த மிகச் சுவையான எடுத்துக்காட்டு மேப்ஸ்.மீ. இணையம் இல்லாமலே இயங்கும் வரைபடச் செயலி. 2015-இல் அதன் மூலநிரலைப் பொதுவெளியில் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் இன்று பலர் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ். நாட்டின் முழு வரைபடத்தையும் கைப்பேசிக்குள் இறக்கி வைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு பைட்டையும் சேமிக்கப் பார்த்தார்கள். ஓர் ஊரின் பல மொழிப் பெயர்களை ஒரே சரமாகக் கோத்து, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘இது இன்ன மொழி’ என்று சொல்ல ஒரே ஒரு பைட்டை ஒதுக்கினார்கள்.

அந்த ஒரு பைட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. இன்றைய கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். கொக்கி போட்ட சோர்பிய எழுத்துக்கு இரண்டு, தமிழுக்கு மூன்று. ஒன்றுக்கு மேற்பட்ட பைட் கொண்ட எழுத்தில் முதல் பைட் 11 என்ற இரண்டு பிட்டுகளில் தொடங்கும். பின்தொடரும் பைட்டுகள் 10 என்று தொடங்கும். ஆக, 10 என்று தொடங்கும் பைட் எந்த எழுத்துக்கும் தலைப்பகுதியாக வரவே முடியாது. எழுத்து தொடங்க வேண்டிய இடத்தில் அப்படி ஒன்று நின்றால் அது வேறு ஏதோ செய்தி என்று பொருள். பொறியாளர்கள் அதையே மொழி அடையாளமாக்கிக்கொண்டார்கள். கூடுதல் பிரிப்பான் தேவையில்லை, நீளத்தை எழுதி வைக்கத் தேவையில்லை. அழகான வேலை. எட்டுப் பிட்டுகளில் இரண்டு அடையாளத்துக்குப் போக மீதம் ஆறு. இரண்டின் ஆறாம் அடுக்கு 64.

ஆய கலைகளைப் போல அறுபத்து நான்கோடு மொழிகளின் எண்ணிக்கை நின்றுபோனது. அறுபத்து நான்கு இருக்கைகள் போட்ட பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், நிற்க இடம் கிடையாது. இருக்கைகளில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பதுதான் வேடிக்கை. ஒன்று, அந்தந்த நாட்டின் இயல்பான பெயருக்கு. இன்னொன்று, சர்வதேசப் பெயருக்கு. ஜப்பானியத்துக்கு மூன்று இடம்: அதன் வழக்கமான எழுத்து, கட்டகானா வடிவம், ரோமன் எழுத்து வடிவம். சீனத்துக்கும் கொரியத்துக்கும் இரண்டிரண்டு. அப்போது வெளியான பட்டியலில் மேல் சோர்பியத்துக்கு இடம் இருந்தது. பிரெத்தோன், ஃப்ரியூலியன் போன்ற சிறிய ஐரோப்பிய மொழிகளுக்கும் இருந்தது. இந்தியும் கன்னடமும் இருந்தன. கீழ் சோர்பியம் இல்லை. ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் தமிழும் இல்லை.

நமக்கு இடம் இல்லையே என்று புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. சிறுபான்மை என்பது தலை எண்ணும் கணக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மென்பொருளுக்குள் அந்தக் கணக்கு செல்லுபடியாவதில்லை. சில ஆயிரம் பேரின் மொழி உள்ளே இருக்க, பல கோடிப் பேரின் மொழி வெளியே நிற்கலாம். பட்டியல் எழுதிய நாளில் யார் கண்ணில் எது பட்டது என்பதே முடிவு செய்கிறது. பட்டியல் நிரம்பிய பிறகு கேட்டு வருபவருக்கு ‘இன்னும் ஒரு மொழி சேர்ப்பது எளிது’ என்ற பதில் பொருந்தாது. கோப்பு வடிவத்தையே மாற்ற வேண்டும். பழைய செயலி புதிய கோப்பைப் படிக்காது, புதிய செயலி பழைய கோப்பைப் படிக்கத் தனியாக வழி செய்ய வேண்டும். ஆறு பிட் என்ற சிக்கனம், முடிவு எடுத்த நாளில் புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. அதைத் திருத்துவதற்கு ஆகும் செலவுதான் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது.

பெயர் கைப்பேசிக்குள் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து இடத் தகராறு. திரையில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் எழுத வேண்டும். புள்ளிகளின் பக்கத்தில் பெயர்களை மோதாமல், இயன்றவரை அதிகமாக வைப்பது கணினியியலில் என்.பி-கடினம் என்ற வகையைச் சேர்ந்த கணக்கு. புள்ளிகள் கூடக்கூட உகந்த விடையைத் தேடும் நேரம் கட்டுக்கு அடங்காமல் பெருகிவிடும். விரலால் திரையை நகர்த்தும்போது அதற்கெல்லாம் நேரம் இல்லை. எனவே செயலிகள் குறுக்குவழி ஒன்றைப் பிடிக்கின்றன. பெரிய ஊரை முதலில் எழுது, பிறகு அடுத்த பெரியது, மோதினால் சின்னதை விட்டுவிடு.

இந்த எளிய விதி லவுசிட்ஸில் என்ன செய்கிறது பாருங்கள். சோர்பியம் இன்றும் வீட்டிலும் கோயிலிலும் தெருவிலும் உயிரோடு புழங்கும் இடம் பவுட்சன், காமென்ஸ், ஹோயர்ஸ்வெர்டா என்ற மூன்று நகரங்களுக்கு நடுவே உள்ள கத்தோலிக்கக் கிராமங்கள். க்ரோஸ்ட்விட்ஸ், ரால்பிட்ஸ், நேபெல்ஷுட்ஸ் எல்லாம் மிகச் சிறிய ஊர்கள். விதிப்படி அவற்றுக்குக் கடைசி வரிசை. இரண்டு மொழியிலும் எழுதினால் பெயர் நீளும், இடம் கூடுதலாகப் பிடிக்கும், மோதும் வாய்ப்பும் பெருகும். இருமொழிப் பெயரைக் காட்டப் போய் ஊரே திரையிலிருந்து காணாமல் போகலாம். மொழி எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே வரைபடத்தில் அதற்கு இடம் மிகக் குறைவு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, மக்கள்தொகை வரிசை அப்படி. என் கணிப்பில் சரியான தீர்வு, இரண்டு பெயரையும் எல்லோர் மீதும் திணிப்பதல்ல. சோர்பியம் வேண்டும் என்று கேட்டவருக்குச் சோர்பியத்தை முதல் வரியில் முழு அளவில் எழுதி, இடம் இருந்தால் மட்டும் ஜெர்மனைக் கீழே தருவதுதான்.

தேடலுக்கு வருவோம். புடிஷின் என்று எழுத, கொக்கி போட்ட எஸ் வேண்டும். அவசரத்தில் யாரும் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், வெறும் எஸ் போடுவார்கள். செயலி இதைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கமான வழி இருக்கிறது. யூனிகோட் தரத்தில் கொக்கி போட்ட எஸ்ஸை ‘எஸ்’, ‘கொக்கி’ என்று இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்து, கொக்கிகளை எல்லாம் நீக்கிவிட்டு ஒப்பிட்டால் பொருந்திவிடும். செக், மேல் சோர்பியம், கீழ் சோர்பியம் எல்லாவற்றுக்கும் ஒரே கருவி போதும் என்று நிரலாளர் நிம்மதியடைவார். நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாட்டிக்கொள்ளும். சோர்பியத்திலும் போலிஷிலும் குறுக்குக்கோடு போட்ட எல் ஒன்று உண்டு. வைஸ்வாசர் நகரின் சோர்பியப் பெயரிலும், ஸ்ப்ரேவால்ட் என்ற புகழ்பெற்ற கால்வாய்க் காட்டின் கீழ் சோர்பியப் பெயரிலும் அது வருகிறது. யூனிகோட் இந்த எழுத்தைப் பிரிக்காது. அதன் கோடு எழுத்தோடு ஒட்டிப் பிறந்தது என்பது தரத்தின் முடிவு. எனவே கொக்கி நீக்கும் கருவி அதைத் தொடாமல் விட்டுவிடும். வெறும் எல் போட்டுத் தேடுபவருக்கு ஊர் கிடைக்காது. சரிசெய்ய நிரலில் ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி தேவை என்பது அந்த மொழியில் ஒருமுறையாவது தேடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

பெயரைத் தாண்டி வழிகாட்டும் வாக்கியங்களுக்குப் போனால் இலக்கணம் வந்து நிற்கும். தமிழில் ஒருமை, பன்மை என்று இரண்டு. சோர்பியத்தில் இருமையும் உண்டு. மீட்டரை எண்ணும்போது ஒன்றுக்கு ‘மெட்டர்’, இரண்டுக்கு ‘மெட்ராய்’, மூன்றுக்கும் நான்குக்கும் ‘மெட்ரி’, ஐந்து முதல் ‘மெட்ரோவ்’ என்று நான்கு வடிவம். விதி கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்ப்பதால் 102 மீட்டருக்கும் இருமை வடிவம்தான். ஒன்று என்றால் ஒருமை, இல்லாவிட்டால் கடைசியில் எஸ் சேர் என்று ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய நிரலில் இது நுழையவே நுழையாது. நல்லவேளையாக, யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற பொதுக் களஞ்சியத்தில் இரண்டு சோர்பியங்களின் எண் விதிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. செயலி செய்பவர் தாமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், களஞ்சியத்தைக் கூப்பிட்டால் போதும்.

வேற்றுமை உருபுக்கு அப்படிப்பட்ட ஆயத்த மருந்து இல்லை. புடிஷினுக்குப் போவதானால் ‘தோ புடிஷினா’, புடிஷினில் இருந்தால் ‘வ் புடிஷின்யே’. பெயரின் வால் மாறுகிறது. செயலியில் இருப்பதோ எழுவாய் வடிவம் மட்டும். தமிழ் வாசகருக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. ‘சேலம்க்கு’ ‘ஈரோடுக்கு’ என்று எழுதும் திரைகளை நாம் தினமும் சகித்துக்கொள்கிறோம். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் உருபே தேவைப்படாதபடி வாக்கியத்தை மாற்றி அமைப்பார்கள். ‘திசை: சேலம்’ என்பது போல. கொஞ்சம் வறட்டுத்தனமாக இருந்தாலும் பிழை இல்லை. ஊர்ப்பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தால் இன்னும் சங்கடம். சோர்பியப் பெயரை ஜெர்மன் குரலிடம் கொடுத்தால் அது ஜெர்மன் விதிப்படி மென்று துப்பும். கேட்கும் சோர்பியர் செயலியை ஜெர்மனுக்கு மாற்றிவிடுவார்.

அப்படி அவர் மாற்றிக்கொள்வதை ‘இந்த மொழிக்குப் பயனர் இல்லை’ என்பதற்கான சான்றாகப் புள்ளிவிவரம் பதிவு செய்யும். இந்தச் சுழலைத்தான் நான் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். ஆண்ட்ராய்டு 7.0 பதிப்பிலிருந்து ஒருவர் தம் மொழிகளை வரிசையாகச் சொல்லலாம்: முதலில் மேல் சோர்பியம், அது இல்லையேல் ஜெர்மன். செயலி இந்த வரிசையை மதிக்காமல் முதல் மொழி இல்லை என்றதும் நேராக ஆங்கிலத்துக்குத் தாவினால், பவுட்சன்காரர் தம் ஊரில் ஆங்கில மெனுவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்த முறை சோர்பியத்தைத் தேர்வு செய்யவே தயங்குவார்.

தரவில் மட்டும் மிஞ்சும் பெயர்களும் இருக்கின்றன. லவுசிட்ஸ் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது. அதைத் தோண்டுவதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்டன. கோட்புஸுக்கு அருகில் இருந்த ஹோர்னோ, சோர்பியத்தில் ரோகோவ், நீண்ட வழக்குகளுக்குப் பிறகு 2000-களின் முற்பகுதியில் இடிக்கப்பட்டது. ஊர் போனால் பலகையும் போகும், பலகையைக் காப்பாற்றும் சட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கைவிடப்பட்ட ஊர்களைக் குறிக்க வழி உண்டு. பழைய பெயருக்கும் தனிப் புலம் உண்டு.

பலகையில் சோர்பியம் இருக்க வேண்டும் என்று அரசைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கைப்பேசிச் செயலியை எந்தச் சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. அங்கே முடிவெடுப்பவர்கள் நிரல் எழுதுபவர்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அவர்களாக இருக்கலாம். மொழிப் பட்டியலை நிரலுக்குள் எழுதி மூடிவிடாதீர்கள். பயனர் எந்தக் குறியீட்டைக் கேட்கிறாரோ அந்தப் பெயர் தரவில் இருந்தால் எடுத்துக் கொடுங்கள், இல்லையென்றால் அவர் சொன்ன அடுத்த மொழியைப் பாருங்கள். மொழிக்கு ஒரு பைட் ஒதுக்குமுன் இன்னொரு பைட்டுக்கும் இடம் விட்டு வையுங்கள்.